வானொலி நாளும் கோபுரத்தில் ஏறுபவரும் (கடிதமும் பதிலும்)

வணக்கம் ஐயா,

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சமுதாய வானொலி இருக்கிறது. வாரம் இரண்டு மாலை அங்கே போய் நிகழ்ச்சி தயாரிப்பில் உதவுகிறேன். பிப்ரவரி 13, உலக வானொலி நாளுக்கு இந்த வருஷம் விழா எடுத்தோம். அறிவிப்பாளர்கள் ஐந்து பேருக்கும் சால்வை, கேடயம். டிரான்ஸ்மிட்டரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனையும், ஒலித்தொகுப்பு செய்யும் அக்காவையும், ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்து வரும் பெண்களையும் யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. மறுநாள் பொறுப்பாளரிடம் கேட்டேன். "கூப்பிடலாம் தம்பி, ஆனா அவங்க என்ன செய்றாங்கன்னு நேயர்கிட்ட எப்படிச் சொல்றது? குரல் தெரியும், இவங்கள யாருக்குத் தெரியும்?" என்றார். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. அண்ணனோ, "நம்மள விடு, வண்டி ஓடினாச் சரி" என்கிறார்.

அடுத்த வருஷமாவது முறையாகச் செய்ய வேண்டும். என்ன சொல்வது, எப்படிச் செய்வது?

கி., கோவில்பட்டி

*

அன்புள்ள கி.,

உங்கள் பொறுப்பாளர் கேட்டது நியாயமான கேள்வி. வானொலியில் சரியாகச் செய்த வேலை காதில் விழாது. தவறு மட்டும்தான் கேட்கும். அறிவிப்பாளர் நன்றாகப் பேசினால் நேயருக்குத் தெரிகிறது. தொழில்நுட்பர் நன்றாக வேலை செய்தால் நேயருக்கு ஒன்றுமே தெரியாது. அதனால் அவர் என்ன செய்தார் என்று சொல்வதைவிட, அவர் இல்லாவிட்டால் என்ன கேட்டிருக்கும் என்று சொல்லுங்கள். நேயருக்கு அது உடனே புரியும்.

அண்ணனிடமிருந்தே தொடங்குவோம். உங்களுடையது 50 வாட் டிரான்ஸ்மிட்டராக இருக்கும். கோபுரம் அதிகபட்சம் 30 மீட்டர். ஒரு பழைய குண்டு பல்பு தின்னும் மின்சாரம்தான் அந்த 50 வாட். அதை வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போக வேண்டும் என்றால் வழியில் ஒரு வாட்கூட வீணாகக் கூடாது. வீணாகும் முதல் இடம், மேலே ஆன்டெனாவோடு கேபிள் சேரும் கனெக்டர்.

அந்தக் கனெக்டருக்குள் மழைத்தண்ணீர் ஒரு சொட்டுப் போனால் போதும். மேலே போக வேண்டிய சக்தியில் ஒரு பங்கு திரும்பி வரத் தொடங்கும். டிரான்ஸ்மிட்டரின் முகப்பில் இரண்டு எண்கள் தெரியும்: போகிற சக்தி, திரும்புகிற சக்தி. 50 வாட் போய் அரை வாட் திரும்பினால் நிம்மதி. 2 வாட் திரும்பினால் நிற்கும் அலை விகிதம் (எவ்வளவு சக்தி திரும்புகிறது என்பதைக் காட்டும் அளவு; ஒன்றும் திரும்பாவிட்டால் 1) 1.5 ஆகிவிட்டது என்று பொருள்; மேலே ஏறிப் பார்க்க நாள் குறிக்க வேண்டும். ஐந்தரை வாட்டை எட்டினால் விகிதம் 2. அதற்குப் பிறகு டிரான்ஸ்மிட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். நிலையத்துக்குள் இருக்கும் ரேடியோவில் எந்த வித்தியாசமும் தெரியாது, ஏனென்றால் அது கோபுரத்தின் காலடியில் இருக்கிறது. பத்தாவது கிலோமீட்டரில் கேட்டுக்கொண்டிருந்த வீட்டில் மட்டும் இரைச்சல் ஏறிக் குரல் அமுங்கும். அந்த வீட்டுக்காரர் புகார் சொல்ல மாட்டார். வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவார்.

இதைத் தடுப்பது ஒரு டேப் சுற்றும் வேலை. கனெக்டரை முறுக்கியதும், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்து, ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று பாதி படியும்படி சுற்ற வேண்டும். அதன் மேல் வெயில் தாங்கும் பி.வி.சி. டேப். கடைசிச் சுற்று கீழிருந்து மேலாகப் போக வேண்டும். கூரை வேய்கிறவர் கீழ் வரிசையிலிருந்து தொடங்குகிற அதே காரணம்தான்: மேல் மடிப்பு கீழ் மடிப்பின் மேல் விழுந்தால் தண்ணீர் வழிந்துவிடும், மாற்றிச் சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் ஒரு குட்டித் தொட்டி. கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் அதைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலேற்றி உள்ளே விட வேண்டும். அந்தத் தொங்கலின் அடியில் தண்ணீர் சொட்டிவிடும், சுவருக்குள் வராது. ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே, அண்ணன் மேலேறி இதைப் பார்த்துவிட்டு வந்திருப்பார். கார்த்திகை முழுக்க உங்கள் அறிவிப்பாளர் குரல் கடைசி ஊர்வரை கேட்டதற்கு அந்த ஒரு மணி நேர வேலை காரணம்.

எர்த் குழியும் அப்படித்தான். உப்பும் கரியும் போட்டு மூடிய குழி சித்திரை வெயிலில் காய்ந்து போகும். காய்ந்தால் மின்தடை ஏறும். கோடை இடிமழையில் கோபுரத்தில் விழுகிற மின்னல் அப்போது பூமிக்குப் போக வழி தேடிக் கேபிள் வழியாக உள்ளே வரும். வாரம் இரண்டு தடவை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுகிறாரே, அதைச் செடிக்கு ஊற்றுவதாகப் பலர் நினைத்துக்கொண்டிருப்பார்கள். மின்விசிறி வடிகட்டியின் தூசி தட்டுவது, பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் விடுவது, வாரம் ஒரு நாள் ஜெனரேட்டரைச் சும்மா அல்ல, லோடு கொடுத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பது, எல்லாம் இதே வகை. மின்சாரம் போன அன்றைக்குத்தான் ஜெனரேட்டரின் ஸ்டார்ட்டர் பேட்டரி செத்துக் கிடப்பது தெரிந்தால், அதற்கு முந்தைய ஒரு மாதம் யாரும் தொடவில்லை என்று அர்த்தம்.

அடுத்து அந்த அக்கா. ஒலித்தொகுப்பு என்றால் வெட்டி ஒட்டுவது என்று நினைக்கிறார்கள். எதை வெட்டக் கூடாது என்று தெரிவதுதான் அதில் பாதி. ஒரு பாட்டி நாற்று நடவைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்து, நடுவில் மூன்று நொடி நிறுத்திப் பெருமூச்சு விடுகிறார் என்றால் அந்த மூன்று நொடி இருக்க வேண்டும். "வந்து... வந்து..." என்று எட்டுத் தடவை வந்தால் ஆறை எடுத்துவிடலாம், எட்டையும் எடுத்தால் அது பாட்டி பேசுவதாகவே இருக்காது. எடுத்த இடத்தில் பின்னணி அறுந்து போகும். ஒரு கணம் சுடுகாட்டு அமைதி வந்து மறுபடி மின்விசிறிச் சத்தம் தொடங்கும். அதை மூட அதே இடத்தின் வெற்றுச் சத்தம் வேண்டும். அதனால்தான் நல்ல பதிவாளர் பேட்டி முடிந்ததும், "அப்படியே இருங்க, யாரும் பேசாதீங்க" என்று சொல்லி 30 நொடி சும்மா பதிவு செய்கிறார். பார்க்கிறவருக்கு அது வேடிக்கையாக இருக்கும். தொகுப்பவருக்கு அந்த 30 நொடிதான் ஒட்டுப்போடும் துணி.

இந்தக் கைவேலைக்கு நம் பக்கத்தில் நீண்ட மரபு இருக்கிறது. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில்தான் தொடங்கியது. அன்றைக்குக் கணினி இல்லை, கால் அங்குல அகல நாடா. நொடிக்கு ஏழரை அங்குலம், அதாவது 19 சென்டிமீட்டர் ஓடும். கால் நொடி இருமல் நாடாவில் ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர். இரண்டு சக்கரங்களையும் கையால் முன்னும் பின்னும் உருட்டி, இருமல் தொடங்கும் புள்ளியை ஹெட்டின் (நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் முனை) மேல் கொண்டுவந்து, பென்சிலால் குறித்து, பிளேடால் சாய்வாக வெட்டுவார்கள். நேராக வெட்டினால் ஒட்டிய இடம் ஹெட்டைக் கடக்கும்போது 'டப்' என்று கேட்கும். சாய்வாக வெட்டினால் ஒரு சத்தம் மெல்ல இறங்கி அடுத்தது மெல்ல ஏறும்.

அந்த நாடாக்களைக் காத்த நூலகர்களைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. இறுகச் சுற்றி வைத்த நாடாவில் ஒரு சுற்றின் காந்தப் பதிவு அடுத்த சுற்றில் லேசாக ஒட்டிக்கொள்ளும். தொடக்க முனை வெளியே இருக்கும்படி நேராகச் சுற்றி வைத்தால், பாடகர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் குரலின் நிழல் கேட்கும். நாடாவைத் திருப்பிச் சுற்றாமல் வால் முனை வெளியே இருக்கும்படி வைத்தால், அந்த நிழல் பெரும்பாலும் குரலுக்குப் பின்னால் போய் அதிலேயே மறைந்துவிடும். ஒலிபரப்புக்கு முன் ஒவ்வொரு நாடாவையும் முழுக்கச் சுற்ற வேண்டிய கூடுதல் வேலை இது. பழைய கச்சேரிகள் இன்றைக்கும் சுத்தமாகக் கேட்கிறதென்றால் அந்தக் கூடுதல் வேலையை யாரோ சலிக்காமல் செய்திருக்கிறார்கள்.

உங்கள் நிலையத்தில் நூலகர் வேலையைச் செய்வது ஒரு மூலையில் ஓடும் கணினி. ஒலிபரப்பான எல்லாவற்றையும் மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சமுதாய வானொலி உரிமத்தின் நிபந்தனை. 64 கிலோபிட் எம்பி3 என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 29 எம்.பி.; நாளுக்கு 16 மணி நேரம், 90 நாள் என்றால் 41 ஜி.பி. பெரிய அளவு இல்லை. ஆனால் யாரோ ஒருவர் தினமும் அது உண்மையிலேயே பதிவாகிறதா என்று ஒரு கோப்பைத் திறந்து கேட்க வேண்டும், கடிகாரம் சரியா என்று பார்க்க வேண்டும். கன்சோலிலிருந்து (மைக்குகளின் ஒலியைக் கலந்து அனுப்பும் மேசை) நேராக எடுக்காமல் ஒரு எஃப்.எம். ரேடியோவிலிருந்து பதிவு செய்வது நல்லது. அப்போதுதான் காற்றில் என்ன போனது என்பதற்கு அது சாட்சி. யார் அதைப் பார்க்கிறார் என்று விசாரியுங்கள். மேடைக்கு வர வேண்டிய பெயர்களில் அவருடையதும் ஒன்று.

ஊர் ஊராகப் போகும் பெண்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், மைக்கை நீட்டினால் யாரும் பேசிவிட மாட்டார்கள். முதல் தடவை போய் உட்கார்ந்து பேசிவிட்டு வர வேண்டும். இரண்டாம் தடவைதான் ரெக்கார்டர். அறிவிப்பாளர் "இப்போது நம்மோடு பேசுபவர்..." என்று சொல்லும் அந்தப் பெயருக்குப் பின்னால் இரண்டு பஸ் பயணம் இருக்கிறது. கடற்கரை நிலையங்களில் இதைவிடப் பொறுப்பான ஒரு வேலை உண்டு. பாம்பனில் மீனவர்களுக்காக 90.4-ல் இயங்கும் கடல் ஓசை போன்ற நிலையங்களில் கடல் நிலவரம் வெறும் நிரப்புச் செய்தி அல்ல. அலை உயரத்தையும் காற்றின் வேகத்தையும் சரிபார்த்து, வடகிழக்கு, மேற்கு என்று அறிக்கையில் இருப்பதை வாடை, கச்சான் என்று கேட்பவர் பழகிய சொல்லில் எழுதிக் கொடுப்பவர் ஒரு எண்ணை மாற்றி எழுதினால் படகு தவறான நாளில் இறங்கும். வாசிப்பவர் குரல் ஊருக்கே தெரியும். எழுதிக் கொடுத்தவர் யாரென்று அடுத்த தெருவுக்குக்கூடத் தெரியாது.

சரி, என்ன செய்யலாம்?

முதலில், வருஷத்துக்கு ஒரு நாள் விழாவை நம்பாதீர்கள். ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும் பெயர் சொல்லுங்கள். "களப்பதிவு இன்னார், ஒலித்தொகுப்பு இன்னார், ஒலிபரப்புக் கட்டுப்பாடு இன்னார்." நிதானமாக வாசித்தாலும் எட்டு நொடி. அரை மணி நேர நிகழ்ச்சியை எட்டு நொடி முன்னால் முடிக்கச் சொல்லுங்கள். முடியாது என்று எந்தத் தயாரிப்பாளரும் சொல்ல முடியாது. நிகழ்ச்சி நீண்டுவிட்டால் முதலில் வெட்டுப்படுவது இந்த எட்டு நொடிதான். அதனால் பெயர்ப் பட்டியலை நிகழ்ச்சிக் கோப்போடு சேர்த்தே பதிவு செய்துவிடுங்கள். அறிவிப்பாளர் நேரம் பார்த்து விடுவது, சேர்ப்பது என்ற பேச்சே வராது.

இரண்டாவதை நான் இன்னும் அழுத்திச் சொல்வேன். அண்ணன் கோபுரம் ஏறும்போது உடம்பு முழுக்கப் பிடிக்கும் பாதுகாப்பு பெல்ட் இருக்கிறதா? அதில் இரண்டு கொக்கிகள் உண்டா? ஒன்று எப்போதும் மாட்டியே இருக்க, மற்றதை மேலே மாற்றிக்கொண்டே ஏற வேண்டும். ஏறும் முன் டிரான்ஸ்மிட்டரை நிறுத்தி, அறையைப் பூட்டி, சாவியை அவர் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கீழே யாராவது "ஏன் ஒலிபரப்பு நின்றிருக்கிறது?" என்று போட்டுவிடுவார்கள். கீழே இன்னொருவர் நிற்க வேண்டும். மேகம் கூடினால் இறங்கிவிட வேண்டும், எந்த நிகழ்ச்சிக்காகவும் காத்திருக்கக் கூடாது. இவை எதுவும் இல்லாமல் ஏறவிட்டுவிட்டு மேடையில் சால்வை போர்த்துவது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல. சால்வைக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் பெல்ட்டுக்குப் போடுங்கள். மாத மதிப்பூதியம் தேதி தவறாமல் கைக்குப் போவதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

மேடையில் என்ன பேசுவது என்று கேட்டீர்கள். புகழுரை எழுத வேண்டாம். நிலையத்தின் லாக் புத்தகத்தை, அதாவது அன்றாடக் குறிப்பேட்டை, எடுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு மின்சாரம் போனது, எத்தனை நிமிடத்தில் ஒலிபரப்பு திரும்பியது, திரும்புகிற சக்தி எந்த வாரம் ஏறியது, என்ன செய்து இறக்கினார்கள், எல்லாம் அவர் கையெழுத்திலேயே இருக்கும். நேயர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிற ஒரு புயல் நாளையோ திருவிழா நாளையோ தேர்ந்தெடுத்து, அந்தப் பக்கத்தை அப்படியே வாசியுங்கள். "அன்றைக்கு ராத்திரி நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே இதுதான் நடந்தது" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். லாக் புத்தகம் சரியாக எழுதப்படவில்லை என்றால் நாளையிலிருந்து எழுதத் தொடங்குங்கள். அடுத்த பிப்ரவரிக்குள் வாசிக்க நிறையப் பக்கம் சேர்ந்துவிடும்.

"நம்மள விடு" என்று அண்ணன் சொன்னதைக் கூச்சம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். விழா நேரலையில் போகும்போது கன்சோலில் உட்கார்ந்திருப்பவர் அவர். அவர் எழுந்து மேடைக்கு வந்தால் விழாவே காற்றில் நின்றுவிடும். ஆகவே அவரை வற்புறுத்துவதற்கு முன், அந்தப் பத்து நிமிடம் கன்சோலைப் பார்க்க ஒரு அறிவிப்பாளரைத் தயார் செய்யுங்கள். ஒரு வாரம் முன்பிருந்தே தினம் அரை மணி நேரம் அண்ணன் பக்கத்தில் உட்காரட்டும். எந்த ஃபேடர் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுபிடி) மேடை மைக், எது கைதட்டல் மைக், மீட்டர் முள் எதுவரை போகலாம், யு.பி.எஸ். அலறினால் முதலில் எந்த சுவிட்ச், இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி கன்சோலுக்கு மேலே ஒட்டிவிடுங்கள். தாளை அண்ணனே எழுதட்டும்.