விபிஎன் சந்தா கட்டும் முன்

கேள்வி: வீட்டிலிருந்தபடியே சிறு வணிகர்களுக்குக் கணக்கு எழுதித் தருகிறேன். அவர்களின் ஜிஎஸ்டி விவரங்களும் வங்கி அறிக்கைகளும் என் மடிக்கணினியில்தான் உள்ளன. வெளியூரில் விடுதி வைஃபையைப் பயன்படுத்த நேர்வதால் விபிஎன் (நம் இணையத் தொடர்பைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றித் தன் கணினி, அதாவது சர்வர், வழியாக அனுப்பும் சேவை) வாங்க எண்ணுகிறேன். ஒரு நிறுவனம் இரண்டாண்டுச் சந்தாவைப் பாதி விலைக்குத் தருகிறது. 'எந்தப் பதிவும் வைப்பதில்லை', 'இந்தியாவிலேயே சர்வர்' என்று விளம்பரம் செய்கிறது. விபிஎன்னை அரசு தடை செய்துவிட்டது என்கிறான் என் தம்பி. வாங்கலாமா?

பதில்: ஜம்மு காஷ்மீரில் சில மாவட்ட நிர்வாகங்கள் தற்காலிகத் தடை விதித்ததுண்டு, மற்றபடி நாடு முழுவதற்குமான தடை எதுவும் இல்லை. உங்கள் தம்பி கேள்விப்பட்டது 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த ஆணையாக இருக்கலாம். பொதுமக்களுக்கு விபிஎன் விற்கும் நிறுவனங்கள், சந்தாதாரரின் பெயர், சரிபார்க்கப்பட்ட முகவரி, தொடர்பு எண், சேவை பெற்ற காலம், அவருக்கு ஒதுக்கப்பட்ட ஐபி முகவரி (இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்), எதற்காகச் சேவையைப் பெறுகிறார் என்ற விவரம் ஆகியவற்றை, சந்தா முடிந்த பிறகும் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. அலுவலகங்கள் தம் ஊழியர்களுக்குத் தரும் விபிஎன்னுக்கு இது பொருந்தாது.

நீங்கள் பார்த்த விளம்பரத்தின் இரண்டு வாக்கியங்களையும் இந்த ஆணையோடு சேர்த்துப் படியுங்கள். இந்திய மண்ணில் சர்வர் வைத்து, ஆணைக்கும் கட்டுப்படும் நிறுவனம், எந்த ஐபி முகவரி யாருக்குத் தரப்பட்டது என்பதைப் பதிந்தே ஆக வேண்டும். பதிவே வைப்பதில்லை என்றால் ஆணையை மீறுகிறது என்று பொருள். இந்தச் சிக்கலால்தான் எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நோர்ட்விபிஎன், புரோட்டான் விபிஎன் ஆகியவை 2022-இல் தம் சர்வர்களை இந்தியாவிலிருந்து அகற்றிக்கொண்டன. எக்ஸ்பிரஸ்விபிஎன் செயலியின் நாட்டுப் பட்டியலில் 'இந்தியா (சிங்கப்பூர் வழியாக)' என்றொரு வரியைக் காணலாம்: ஐபி முகவரி இந்தியாவுடையது, இயந்திரம் இருப்பதோ சிங்கப்பூரில். ஆகவே, 'உங்கள் சர்வர் உண்மையில் எந்த நாட்டில் இருக்கிறது, 2022 ஆணைப்படி என்னைப் பற்றி எவற்றைப் பதிகிறீர்கள்' என்று மின்னஞ்சலில் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் பாதி விலைக்கும் வாங்க வேண்டாம்.

உங்கள் தேவையையும் பார்ப்போம். வங்கித் தளங்களும் ஜிஎஸ்டி தளமும் ஏற்கெனவே குறியாக்கம் செய்யப்பட்ட (இடையில் இருப்பவர் படிக்க முடியாதபடி மாற்றப்பட்ட) இணைப்பில்தான் இயங்குகின்றன. நீங்கள் உள்ளிடும் கடவுச்சொல்லை விடுதிக்காரர் எளிதில் படித்துவிட முடியாது. எந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள் என்பதை மட்டும் அவரால் அறிய முடியும். விபிஎன் போட்டால் அதே தகவல் விபிஎன் நிறுவனத்தின் கைக்குப் போகிறது. உங்களைப் போன்றவர்களுக்கு நான் அதிகம் அஞ்சுவது மடிக்கணினி பேருந்திலோ ரயிலிலோ தொலைந்து போவதைத்தான். பிறர் நம்பிக் கொடுத்த கணக்குகள் அதில் இருக்கின்றன. எனவே விண்டோஸில் உள்ள பிட்லாக்கர் போன்ற வட்டுக் குறியாக்கத்தை (கடவுச்சொல் இல்லாதவர் மடிக்கணினியின் கோப்புகளைப் படிக்க முடியாதபடி பூட்டும் வசதி) முதலில் இயக்குங்கள். அதன் பிறகும் விபிஎன் வேண்டுமென்றால் ஒரு மாதச் சந்தா போதும். சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுவதாக இருந்தால், பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தியைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், விளம்பரத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தவறான விளம்பரம் குறித்து 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்; 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்கும் தொடுக்கலாம்.

கேள்வி: வாட்ஸ்அப் செய்திகளை அரசு கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டதாமே? வேறு செயலிக்கு மாற வேண்டுமா?

பதில்: 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின் 4(2) பிரிவைச் சொல்கிறீர்கள். 50 லட்சத்துக்கு மேல் பயனர்களைக் கொண்ட செய்திச் செயலிகள், நீதிமன்றமோ உரிய அதிகாரியோ ஆணையிட்டால், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிந்து சொல்ல வேண்டும் என்கிறது அது. இந்த விவாதம் அதற்கு முன்பே சென்னை உயர் நீதிமன்றத்தில் சூடுபிடித்தது. ஒவ்வொரு செய்தியோடும் அனுப்பியவரின் அடையாளத்தைச் சேர்த்து அனுப்பலாம் என்று சென்னை ஐஐடி பேராசிரியர் வி. காமகோடி 2019-இல் அங்கே யோசனை தெரிவித்தார். விதியை எதிர்த்து வாட்ஸ்அப் 2021-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. குறியாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே வெளியேற நேரும் என்று 2024 ஏப்ரலில் அங்கு வாதிட்டது. ஒருவரைக் கண்டறிய எல்லோருடைய செய்திகளுக்கும் முத்திரை குத்த வேண்டியிருக்கும் என்பதால் இந்த விதியை நான் ஏற்கவில்லை.

இதற்காக இன்றே செயலி மாற வேண்டியதில்லை. ஆனால் உங்கள் செய்திகளின் காப்பு நகலை, அதாவது பேக்கப்பைப் பாருங்கள். நீங்களாக இயக்கினால் ஒழிய, கூகுள் டிரைவில் சேரும் வாட்ஸ்அப் பேக்கப்புக்கு இருமுனைக் குறியாக்கம் (உங்களைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாத பூட்டு) இருக்காது. அமைப்புகளில் 'சாட்ஸ்', அதனுள் 'சாட் பேக்கப்' சென்றால் அதற்கான பொத்தான் இருக்கும். கடவுச்சொல் அல்லது 64 இலக்கத் திறவுகோல் கேட்கும். அதைத் தொலைத்தால் வாட்ஸ்அப்பாலும் மீட்டுத் தர இயலாது. ஆகவே தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள்.