பதின்பருவப் பிள்ளைகளின் மனநலம்: கடலூர், புதுவை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (ஒரு தாய், மஞ்சக்குப்பம்): ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள், தான் கருப்பு என்றும் தனக்கு எதுவும் வராது என்றும் புலம்புகிறாள். எவ்வளவு பாராட்டினாலும் நம்ப மறுக்கிறாள்.

பதில்: அவள் மனக்குறையைச் சொல்லி முடிப்பதற்குள் 'அதெல்லாம் இல்லை' என்று மறுத்துவிட்டால், தன் வேதனை யாருக்கும் புரியவில்லை என்ற எண்ணமே அவளுக்கு மிஞ்சும். எப்போதிலிருந்து அப்படித் தோன்றுகிறது என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் இருங்கள். பெரும்பாலும், விசேஷ வீட்டில் உறவினர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் 'அக்கா நல்ல நிறம், இவள் யாரைக் கொண்டு பிறந்தாளோ' என்று சொன்னது போன்ற பேச்சு ஒன்று உள்ளே தைத்துக்கிடக்கும். அத்தகைய பேச்சை அந்த இடத்திலேயே நீங்கள் தடுத்து நிறுத்துவதுதான், வீட்டுக்கு வந்தபின் சொல்லும் எந்த ஆறுதலையும்விட அவளுக்குப் பெரிய பலம். பாராட்டும்போதும் பொத்தாம்பொதுவாகக் கெட்டிக்காரி என்னாமல், பாட்டிக்கு வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுப்பது போன்று அவள் உண்மையில் செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவர், நெல்லிக்குப்பம்): இரவு 12 மணி வரை தூக்கம் வருவதில்லை, காலையில் எழ முடிவதில்லை. நான் சோம்பேறியா?

பதில்: இல்லை, தம்பி. இந்த வயதில் உறக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற ஹார்மோன் இரவில் தாமதமாகவே சுரக்கிறது. உங்களுக்குத் தேவையோ 8 முதல் 10 மணி நேரத் தூக்கம். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

கேள்வி (ஒரு தந்தை, முத்தியால்பேட்டை): மகன் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். இது வயதுக் கோளாறா, நோயா?

பதில்: பதின்பருவத்தில் மனச்சோர்வு அழுகையாக வெளிப்படாமல் எரிச்சலாகவும் வெளிப்படலாம். விரும்பி ஆடிய ஆட்டத்தையும் நண்பர்களையும் விட்டு விலகி, உணவும் உறக்கமும் கெட்டு, இரண்டு வாரங்களுக்கு மேல் அப்படியே இருந்தால், புதுவை ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று அவன் ஒருமுறை சொன்னாலும் காத்திருக்க வேண்டாம். அந்த எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள், கேட்பதனால் அது புதிதாக முளைத்துவிடாது. அவனைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மனாஸின் 14416 என்ற இலவச எண்ணில் இரவிலும் தமிழிலேயே பேசலாம்.

கேள்வி (அதே தந்தை): விஷயம் வெளியே தெரிந்துவிடுமோ என்று அஞ்சுகிறோம்.

பதில்: சிகிச்சை விவரங்களை இரகசியமாகக் காக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மருத்துவர்களைக் கட்டுப்படுத்துகிறது. இதை மகனிடமும் சொல்லுங்கள். உங்களைவிட அவனே இதை நினைத்து அதிகம் அஞ்சிக்கொண்டிருக்கலாம்.