மாடும் செல்வமும்

கேள்வி: ‘கேடில் விழுச்செல்வம் கல்வி ஒருவற்கு மாடல்ல மற்றை யவை’ என்ற குறளில் ‘மாடு’ என்பதற்குச் செல்வம் என்று பொருள் சொல்கிறார்கள். சிறாவயல் மஞ்சுவிரட்டில் தொழுவிலிருந்து அவிழ்த்துவிடும் மாட்டுக்கும் அச்சொல்லுக்கும் தொடர்பு உண்டா? வண்டியில் மாட்டுவதால் ‘மாடு’ என்கிறார் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர்.
(வாசகர், தேவகோட்டை)

பதில்: தொடர்பு உண்டு என்று கொள்வதே பொருத்தம். காசு பரவலாகப் புழங்காத காலத்தில் ஒரு குடியின் வளத்தை அதன் தொழுவமே காட்டியது. பகைவரின் ஆநிரையைக் கவர்வதை வெட்சி என்றும், அதை மீட்பதைக் கரந்தை என்றும் பெயரிட்டுப் பாடும் அளவுக்குப் போரின் தொடக்கமே கால்நடையாக இருந்தபோது, விலங்கின் பெயர் உடைமைக்கும் ஆகிவந்ததில் வியப்பில்லை. குறளிலோ அச்சொல் விலங்கை விட்டு விலகியே நிற்கிறது. ‘மற்றையவை’ என்பதற்குப் பரிமேலழகர் மணியும் பொன்னும் முதலாயின என்று உரை காண்கிறார்; பட்டிமன்ற மேடைகளில்தான் அங்கே பசுமாடு வந்து நிற்கிறது.

பிற மொழிகளிலும் இவ்வுறவு உண்டு. இலத்தீனில் பணத்தைக் குறிக்கும் ‘பெக்கூனியா’, கால்நடையைக் குறிக்கும் ‘பெக்குஸ்’ என்பதிலிருந்து பிறந்தது. வடமொழிப் ‘பசு’ அந்தப் பெக்குஸுக்கு உறவு. ஆங்கிலக் ‘கேட்டில்’ எதிர்த்திசையில் வந்த சொல்: முதலில் உடைமையைக் குறித்து, பிறகு கால்நடைக்கு உரியதாயிற்று. ‘கேப்பிட்டல்’ என்பதும் அதே வேரில் கிளைத்ததே என்பது, பர்மாவிலும் மலாயாவிலும் முதல் போட்டுக் கொடுக்கல் வாங்கல் நடத்திய குடும்பங்கள் நிறைந்த உங்கள் பக்கத்தில் சுவைக்கக்கூடும்.

பெரியவரின் விளக்கத்தை ஏற்பதற்கில்லை. வண்டியிலும் ஏரிலும் மாட்டைப் ‘பூட்டுவது’ என்பதே நிலைத்த வழக்கு. மேலும், மாடு என்பது நுகம் சுமக்கும் காளைக்கும் பால் கறக்கும் பசுவுக்கும் பொதுப்பெயர். பசுவை மட்டும் சுட்டப் பழையவர்கள் ‘ஆ’ என்றார்கள். ‘பெற்றமும் எருமையும் மரையும் ஆவே’ என்னும் தொல்காப்பிய மரபியல், எருமையின் பெண்ணுக்கும் அப்பெயரைத் தருகிறது. (இன்று அச்சொல்லைப் பெரும்பாலோர் காண்பது ஆவின் பால் பாக்கெட்டில்தான்.)

‘அவர்மாட்டு அன்புடையேன்’ என்பதில் வரும் ‘மாடு’ பக்கம், இடம் என்னும் பொருளுடைய வேறு சொல். அதை இதனோடு சேர்க்க வேண்டாம்.