பச்சை மூங்கில்

அன்புள்ள ஐயா,

தருமபுரிப் பக்கம் மலையூர்களில் ஒரு கணக்கெடுப்புக்குப் போயிருந்தேன். 3 நாளில் 60 வீடு. "என்னென்ன பயிர் வைக்கிறீர்கள்?" என்றால் எல்லா வீட்டிலும் "ராகி, சாமை" என்ற ஒரே பதில்தான். இதே தகவலுக்கு மானுடவியல் ஆய்வாளர்கள் ஏன் வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கிறார்கள்?

ஆர்., சேலம்

அன்புள்ள ஆர்.,

உங்கள் வினாத்தாளோடு பிலிப்பைன்ஸின் மிண்டோரோ தீவுக்குப் போனவர் "நெல்" என்று குறித்துக்கொண்டு திரும்பியிருப்பார். அங்குள்ள ஹனுனோ மக்கள் மலைச்சரிவில் காட்டை வெட்டி, காயவிட்டு, எரித்து, குச்சியால் குழி குத்தி விதைப்பவர்கள். 1950களின் தொடக்கத்தில் அவர்களோடு தங்கி, அவர்கள் மொழியையும் கற்ற அமெரிக்க மானுடவியலாளர் ஹரால்ட் காங்க்லின், நெல்லில் மட்டும் 90க்கு மேற்பட்ட வகைகளைப் பெயரோடு எழுதினார். ஒரே புனத்தில் 40 வகைப் பயிர் வரை கலந்து நிற்கும். இப்படிப்பட்டவர்களைத்தான் 'காடழிப்பவர்கள்' என்றார்கள். கொளுத்துவதற்கு முன் தீ தாண்டாதபடி சுற்றிலும் வழித்துவிடுவதை யாரும் நின்று பார்க்கவில்லை.

எனக்குப் பிடித்தது நிறத்தைப் பற்றி அவர் 1955இல் எழுதிய கட்டுரை. அம்மொழியில் 'நிறம்' என்பதற்கே சொல் இல்லை. வண்ண அட்டைகளைக் காட்டிக் கேட்டால் குழப்பம்தான் மிஞ்சியது. "பார்க்க எப்படி இருக்கிறது?" என்று கேட்கப் பழகிய பிறகு வழி பிறந்தது. அப்போதுதான் வெட்டிய மூங்கில் துண்டு ஈரமாக, பழுப்பாகப் பளபளக்கும். அதற்கு அவர்கள் சொன்ன சொல் 'மலாதுய்'. இளந்தழைக்கும் அதே சொல். ஈரமும் இளமையும் உள்ளதெல்லாம் மலாதுய். காய்ந்து வற்றியது 'மராரா'. சிவப்பும் இதில்தான் சேரும்.

நமக்கு இது விளங்கச் சிரமமே இல்லை. பச்சை மண், பச்சைப் புண், பிள்ளை பெற்றவளின் பச்சை உடம்பு: எதுவும் பச்சை நிறமில்லையே! (காங்க்லினுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.)

உங்களுக்குக் கிடைத்த பதில் பொய்யில்லை. 'பயிர்' என்ற சொல்லுக்கு அவர்கள் தந்த பதில் அது. அரூர்ப் பக்கம் ஒரு பாட்டியிடம் நானும் அதையே கேட்டு, அதையேதான் எழுதிக்கொண்டேன். சாயங்காலம் கொல்லையிலிருந்து வந்தவர் மடியை அவிழ்த்தார். அவரைக்காய், துவரை, ஒரு பூசணிப் பிஞ்சு.

"இதையெல்லாம் சொல்லவே இல்லையே பாட்டி?"

"அது பயிரா சாமி? சும்மா ஊடால போட்டது."