எக்ஸாஸ்ட் வால்வு மூடாம கத்துது – மஃப்லர மாத்தாதீங்க தம்பி

தம்பி, உங்க கார் ஐடில்ல நிக்கும்போது அமைதி, எண்ணெய் பெடல (ஆக்சிலேட்டர) மிதிச்சு கொஞ்ச நேரம் ஓட்டுனதும் எக்ஸாஸ்ட் குழாய்ல சத்தத்த அடக்குற வால்வு தொறந்துகிட்டு சத்தம், பட்டறைல மஃப்லர (சைலன்சர) மாத்த சொல்றாங்கன்னு எழுதியிருந்தீங்க. காச போட்றாதீங்க லா. இந்த மாதிரி கார்கள்ல பெரும்பாலும் வேக்கம், அதாவது எஞ்சின் காத்த உறிஞ்சுற இழுப்பு, இழுத்தாதான் வால்வு மூடும், வேக்கம் போனா ஸ்ப்ரிங் தொறந்து விட்டுரும். மிதிக்கும்போது மெனிஃபோல்டுல (எஞ்சினுக்குள்ள காத்து போற குழாய்ல) வேக்கம் கொறையும், அந்த நேரத்துக்கு சேமிச்சு வைக்கத்தான் ஒரு சின்ன டேங்கும் ஒன்வே வால்வும் இருக்கு, எனக்கு அதுங்க மேலதான் சந்தேகம். ஒன்வே வால்வ கழட்டி வாயால ஊதுங்க, ரெண்டு பக்கமும் காத்து போச்சுன்னா அவன்தான் திருடன்.

அது சரியா இருந்தா வேக்கம் இழுக்குற, முள்ளு மீட்டர் வச்ச கைபம்பு ஒன்னு இரவல் வாங்குங்க. பின்னாடி வால்வ அசைக்கிற ஆக்சுவேட்டர்ல நேரா மாட்டி 15 இன்ச் மெர்க்குரி வரைக்கும் இழுங்க, முள்ளு எறங்குனா உள்ள இருக்குற ரப்பர் சவ்வு (டயஃப்ரம்) கிழிஞ்சிருக்கு, முள்ளு நின்னும் வால்வு அசையலனா கரி புடிச்சு தண்டு இறுகியிருக்கு. ரெண்டும் இல்லனா ஹோஸ், அந்த டேங்கு, இல்ல வேக்கத்த கரண்டுல தொறந்து மூடுற சோலெனாய்டு, மூணுல ஒன்னு. எஞ்சின் பக்கத்து ஹோஸ் சூட்டுல வெடிக்கும், அத வளைச்சு பாருங்க. நம்ம சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஓரமா நிறுத்துறவங்க எலி கடிச்சிருக்கான்னும் பாக்கணும், சிரிக்காதீங்க. சோலெனாய்டுக்கு 12 வோல்ட் வருதான்னு மீட்டர்ல பாத்துட்டு எழுதுங்க, அதுவரைக்கும் காலைல பெரட்டு (தோட்டத்துல ஆள் கணக்கெடுக்குற) நேரத்துக்கு முன்னாடி மிதிச்சு ஓட்டாதீங்க, லயத்து வீடெல்லாம் எழுந்துரும்.