ராம்கட்டில் பயிற்சி எடுத்த சீனச் சிப்பாய்கள்: கேட்டீர்கள், சொல்கிறேன்

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கர்கள் சீனச் சிப்பாய்களுக்குப் பெரிய அளவில் பயிற்சி கொடுத்த முதல் இடம் அன்றைய பீகாரின் ராம்கட், இன்றைக்கு அது ஜார்க்கண்டில் இருக்கிறது. பல வருடமாக இதைப் படித்து வருகிறேன், அதனால் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணா, சீனப் படைக்கு பீகாரில் என்ன வேலை?

1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது அங்கே போரிட்ட சீனப் படையில் ஒரு பகுதிக்கு ஊர் திரும்ப வழியில்லை. சன் லிஜென் தலைமையிலான 38-வது டிவிஷன் (பல ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு) மே மாதக் கடைசியில் இம்பால் பக்கம் வந்து சேர்ந்தது, அதுவும் ஒழுங்கு குலையாமல், கையில் துப்பாக்கியோடு. 22-வது டிவிஷன் மழைக்காலக் காட்டில் மாட்டிக்கொண்டு, பசிக்கும் காய்ச்சலுக்கும் பலரைப் பறிகொடுத்துவிட்டுப் பிறகு வந்தது. இவர்களை வைத்தே புதிதாக ஒரு படை கட்டலாம் என்று அமெரிக்கத் தளபதி ஜோசப் ஸ்டில்வெல் சீனத் தலைவர் சியாங் கை ஷேக்கிடம் சம்மதம் வாங்கினார். ராம்கட்டில் இத்தாலியப் போர்க்கைதிகளுக்காகக் கட்டிய முகாம் இருந்தது. ஆயுதமும் வாத்தியார்களும் அமெரிக்காவுடையவை, சோறும் கூரையும் சம்பள ரூபாயும் பிரிட்டிஷ் பொறுப்பு.

வெறும் இரண்டு டிவிஷன்தானா?

இல்லை. இந்தியாவிலிருந்து சீன நகரமான குன்மிங்குக்குச் சரக்கு ஏற்றிப்போன விமானங்கள் காலியாகத்தானே திரும்ப வேண்டும், அவற்றில் ஆட்களை ஏற்றினார்கள். இமயமலை ஓரமாக, அந்த உயரத்துக் குளிரில், மேலே போட ஒழுங்கான துணிகூட இல்லாமல் பையன்கள் உட்கார்ந்து வந்தார்கள். அசாமில் இறங்கியதும் குளியல், தடுப்பூசி, புது உடுப்பு, அப்புறம் ரயில். போர் முடிவதற்குள் ராம்கட்டில் பயிற்சி முடித்தவர்கள் 53,000 பேருக்கு மேல்.

மொழி தெரியாமல் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள்?

மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தார்கள், சீனக் கல்லூரி மாணவர்கள் பலர் அந்த வேலைக்கு வந்தார்கள். ஆனால் பாதி வேலை கண்ணால்தான் நடந்தது: வாத்தியார் மோர்ட்டாரைக் கழற்றி மாட்டிக் காட்டுவார், இவர்கள் அதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். சீனாவில் தோட்டாப் பஞ்சம், அங்கே பயிற்சிக்கென்று நிஜத் தோட்டா சுட்டவர்கள் குறைவு. ராம்கட்டில் ஆசை தீரச் சுட்டார்கள்.

சம்பள விஷயத்தில் தகராறு நடந்ததாமே, உண்மையா சார்?

உண்மை. என்னைக் கேட்டால் ராம்கட்டில் நடந்ததிலேயே பெரிய விஷயம் அதுதான். சீனப் படையில் மொத்தச் சம்பளமும் தளபதி கைக்குப் போகும், அவர் பிரித்துக் கொடுப்பார். பட்டியலில் செத்தவன் பெயரும் ஓடிப்போனவன் பெயரும் இருக்கும், அந்தக் காசு எங்கே போகும் என்று சொல்லவேண்டியதில்லை. ராம்கட்டிலும் அப்படியே மொத்தமாகக் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஸ்டில்வெல் ஒரே பிடியாக மறுத்துவிட்டார். சிப்பாயை வரிசையில் நிறுத்தி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ரூபாயை அவனவன் கையிலேயே கொடுக்கச் சொன்னார். அதோடு மூன்று வேளைச் சாப்பாடு, மருந்து. சில மாதங்களிலேயே ஆட்களுக்கு உடம்பு தேறிவிட்டது. ஹோவிட்சர் பீரங்கியை யாருக்கும் பழக்கிவிடலாம், ஆனால் தன் சோறும் சம்பளமும் தன் கைக்கு வரும் என்று நம்புகிற சிப்பாய்தான் நின்று சண்டை போடுவான். கூட்டாளி நாட்டுப் படைக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறவர்கள் ஆயுதக் கணக்கைப் போலவே இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பயிற்சிக்குப் பலன் கிடைத்ததா?

1943 கடைசியில் இந்தப் படை அசாமின் லெடோவிலிருந்து கிளம்பி, பின்னாலேயே சாலை போட்டுக்கொண்டு வர, வட பர்மாவின் ஹுகாங் பள்ளத்தாக்கில் ஜப்பானியரின் பேர்பெற்ற 18-வது டிவிஷனைப் பின்னுக்குத் தள்ளினார்கள். 1944 ஆகஸ்ட் 3-ல் வட பர்மா நகரமான மிச்சினா இவர்கள் கைக்கு வந்தது. 1945 பிப்ரவரி 4-ல் அந்தச் சாலை வழியாக முதல் லாரி வரிசை குன்மிங் போய்ச் சேர்ந்தது. இன்னொன்றையும் சொல்லவேண்டும்: மிச்சினாவை முதலில் தாக்கியபோது இரண்டு சீனப் பட்டாலியன்கள் குழப்பத்தில் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. அவை 1944 ஏப்ரலில்தான் சீனாவிலிருந்து விமானத்தில் கொண்டுவரப்பட்ட படைப்பிரிவைச் சேர்ந்தவை.

போர் முடிந்ததும் இவர்கள் என்ன ஆனார்கள்?

எனக்கு மனசு கனப்பது இந்த இடத்தில்தான். ஜப்பானை விரட்டப் பழக்கிய படையை வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவுக்கு அனுப்பி, சொந்த நாட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட வைத்தார்கள். பர்மாவில் 22-வது டிவிஷனை நடத்திய லியாவோ யாவ்சியாங் 1948-ல் கம்யூனிஸ்டுகளிடம் சிறைப்பட்டார். சன் லிஜென் தைவான் போய் அங்கே தரைப்படைத் தலைவரே ஆனார். ஆனால் அவர் அமெரிக்காவில் வர்ஜீனியா ராணுவக் கல்லூரியில் படித்தவர், அமெரிக்கர்களுக்கு வேண்டியவர், அதனாலேயே சியாங்குக்கு அவர்மேல் சந்தேகம் இருந்தது. 1955-ல் சதிப் பழி சுமத்தி வீட்டுக்காவலில் வைத்தார்கள், வெளியே விட்டது 1988-ல். 33 வருடம்! வெளிநாட்டு ராணுவத்தோடு நெருங்கிப் பழகியவரை அவர் சொந்த நாட்டில் எப்படிப் பார்ப்பார்கள் என்பதைப் பயிற்சி கொடுக்கிறவர்கள் யோசிப்பதே இல்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இப்போதும் இந்தியாவில் வெளிநாட்டு அதிகாரிகள் படிக்கிறார்களா? நான் குன்னூர், அடிக்கடி பார்க்கிறேன்.

நீங்கள் பார்ப்பது வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ் ஆட்களாக இருக்கும். நட்பு நாடுகளிலிருந்து வருடாவருடம் அங்கே வருகிறார்கள். டேராடூன் ராணுவ அகாடமியிலும் வெளிநாட்டு கேடட்டுகள் உண்டு. 2021 ஆகஸ்டில் காபூல் விழுந்தபோது டேராடூனில் ஆப்கான் பையன்கள் பயிற்சியில் இருந்தார்கள், எந்த ராணுவத்துக்காகப் படித்தார்களோ அது ஊரில் இல்லாமலே போயிற்று.

ராம்கட்டில் போய்ப் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

சீனச் சிப்பாய்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ராஞ்சியிலிருந்து சாலை வழியாகச் சுமார் 45 கிலோமீட்டர். கன்டோன்மென்ட் ஊர், பஞ்சாப், சீக்கிய ரெஜிமென்ட் மையங்கள் இப்போது அங்கேதான் இருக்கின்றன. போனால் காலையிலேயே போய்விடுங்கள், அவசரமில்லாமல் பார்க்கலாம்.