லேப்பா, சிப்பிப்பாறையா? முதலில் சுவரைப் பாருங்கள்

கேள்வி: திருமங்கலத்தில் எங்களுக்குத் தனி வீடு. நான்கு அடி காம்பவுண்டுச் சுவர், சின்னத் தோட்டம். ஒன்பது வயது மகள் லாப்ரடார் கேட்கிறாள். கணவரின் ஊர் கோவில்பட்டி பக்கம். சிப்பிப்பாறைக் குட்டிதான் எடுப்பேன் என்கிறார். உடன் இருக்கும் மாமியாருக்கு எழுபது வயது, முழங்கால் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. பக்கத்து வீட்டில் கோழி வளர்க்கிறார்கள். எந்த நாய் எங்களுக்குச் சரிவரும் டாக்டர்?

பதில்: போகிற போக்கில் கோழி என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கிறீர்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

சிப்பிப்பாறை கண்ணால் வேட்டையாடும் நாய். விருதுநகர், தூத்துக்குடி பக்கத்துக் கரிசல் காட்டில் முயல் விரட்டவென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனம். தரையை மோந்துகொண்டு நிதானமாகப் போகாது. தூரத்தில் ஏதாவது ஓடினால் போதும், கிளம்பிவிடும். அந்த நேரத்தில் நீங்கள் பெயர் சொல்லிக் கத்தினாலும் காதில் ஏறாது. சொன்ன பேச்சு கேட்காத நாய் என்று அதைத் திட்டிப் பயனில்லை, அதன் ரத்தம் அப்படி. நான்கடிச் சுவரை ஒரே தாவில் தாண்டிவிடும். அப்புறம் கோழிக்கு நஷ்ட ஈடு, பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை என்று போகும்.

"அப்படியானால் கட்டிப் போட்டு வளர்க்கிறேன்" என்று கணவர் சொல்லலாம். தயவுசெய்து வேண்டாம். ஓடப் பிறந்த நாயை நாள் முழுக்கச் சங்கிலியில் வைத்தால் பயந்த சுபாவமோ கடிக்கிற சுபாவமோ வந்துவிடும். ஊர்ப் பக்கம் கூட்டிப்போய் முயலுக்கு விடலாம் என்ற எண்ணமும் கூடாது. 1972 வனவிலங்குச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம்.

இதையெல்லாம் சொல்வதால் எனக்குச் சிப்பிப்பாறை பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். மதுரைச் சித்திரை வெயிலுக்கு அதுதான் தோது. ஒட்ட முடி, ஒல்லி உடம்பு, முடி கொட்டும் தொல்லையும் குறைவு. நன்றாக ஓடவிட்டால் மீதி நேரம் மூலையில் சுருண்டு தூங்கும். வீட்டில் ஒருவர் இருவரிடம் உயிராக இருக்கும், வெளியாளை ஒட்டவிடாது. பின் விலா எலும்பு இரண்டு மூன்று தெரியத்தான் செய்யும். "சோறு போடுவதில்லையா?" என்று தெருவே கேட்கும், கண்டுகொள்ளாதீர்கள். இன்னொன்று: அதன் தலை ஒடுக்கம், கழுத்து தடிமன். சாதாரண பெல்ட் போட்டால் இரண்டடி பின்வாங்கித் தலையை உருவிக்கொள்ளும். இழுத்தால் இறுகும் அகலப் பட்டையோ, மார்போடு மாட்டும் பெல்ட்டோதான் சரி. கொழுப்பு குறைந்த இந்த உடல்வாகு கொண்ட ஓட்ட நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் தெளிய நேரமாகும். கருத்தடை அறுவைக்குப் போகும்போது மருத்துவரிடம் அதைப் பேசிவிடுங்கள்.

லேப், அதாவது உங்கள் மகள் கேட்கும் லாப்ரடார், நேரெதிர். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் மீனவர்களோடு பனித் தண்ணீரில் வேலை செய்த நாய்களின் வம்சம். அதனால்தான் தண்ணீர் ஒட்டாத இரட்டை அடுக்கு ரோமம். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு திருமங்கலத்தில் இருக்கிறது, பாவம். காலை ஆறரைக்குள் நடை முடிய வேண்டும். மதியம் தரையில் படுக்க ஈரச் சாக்கு, ஃபேன். தினமும் சீவ வேண்டும், அப்படியும் சோஃபாவில் முடி இருக்கும். காது மடிந்திருப்பதால் குளிப்பாட்டியதும் துடைக்காவிட்டால் காதில் சீழ் வரும்.

பெரிய பிரச்சினை சாப்பாடு. பல லேப்களுக்குப் பசி அடங்குவதே இல்லை. நாலில் ஒரு லேபுக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றில் குறை இருப்பதாகக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-ல் கண்டார்கள். ஆகவே அது பார்க்கிற பார்வையை நம்பி மாமியார் ஒரு தோசை, மகள் இரண்டு பிஸ்கட் என்று கொடுத்தால் மூன்று வயதில் உருளை ஆகிவிடும், இடுப்பு மூட்டு போய்விடும். வாரம் ஒருமுறை விலாவைத் தடவிப் பாருங்கள். உங்கள் புறங்கையைத் தடவும்போது எலும்பு தட்டுகிற அளவுக்கு விலா தட்டுப்பட்டால் சரியான எடை. உள்ளங்கையைத் தடவுவது போல மெத்தென்று இருந்தால் சோற்றைக் குறையுங்கள்.

சரி, முடிவுக்கு வருவோம். உங்கள் வீட்டுக்கு லேப், ஆனால் குட்டி வேண்டாம். "லேப் சாது" என்பது இரண்டு வயதுக்கு மேல்தான் உண்மை. ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரை அது இருபத்தைந்து கிலோ ரப்பர் பந்து. அன்பு மிகுதியில் மேலே பாயும். புது முழங்காலோடு நடக்கிற மாமியாரை அது ஒருமுறை தள்ளினால் போதும். வேலை மாற்றம், வெளிநாடு என்று வளர்ந்த லேபை நல்ல வீடு தேடிக் கொடுப்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடம் சொல்லி வையுங்கள். இரண்டு மூன்று வயது நாயாகக் கேளுங்கள்.

கணவர் விடவே மாட்டார் என்றால், சுவர் ஆறடிக்கு உயர வேண்டும், கேட்டில் கம்பி இடைவெளி அடைபட வேண்டும், விடிகாலையில் அவரே வேலி போட்ட இடத்தில் ஓடவிட வேண்டும். மூன்றையும் முடித்துவிட்டு மூன்று மாதம் கழித்துக் குட்டி பார்க்கப் போகலாம். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று நாய் வளர்ப்பு, விற்பனை பற்றிய 2017 விதிகளே சொல்கின்றன. "இப்பவே தூக்கிட்டுப் போங்க" என்பவரிடம் வாங்காதீர்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி. அட்டவணை முடியும் வரை தெரு நாய்கள் புழங்கும் இடத்தில் இறக்கிவிட வேண்டாம்.

வளர்ந்த லேபைப் பார்க்கப் போகும்போது மாமியாரையும் கூட்டிப்போங்கள். முதலில் நாற்காலியில் உட்காரவைத்து நாயை விடச் சொல்லுங்கள், அப்புறம் எழுந்து நாலடி நடக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நீங்கள் நின்றுகொள்ளுங்கள். அவர் எழும்போதும் நான்கு காலும் தரையில் இருந்தால் அந்த நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு வரலாம்.